கருந்திரைக்குப் பொறுப்பு யார்?

2020 செப்டம்பரில் லினக்ஸ் கெர்னலிலிருந்து ஒரு சிறு வசதி நீக்கப்பட்டது. கருந்திரையில் மேலே ஓடி மறைந்த வரிகளை ஷிஃப்ட் விசையோடு பேஜ்-அப் விசையை அழுத்தித் திரும்ப இறக்கிப் பார்க்கும் வசதி அது. நீக்கியவர் லினஸ் டோர்வால்ட்ஸ். அதே ஆண்டு அக்டோபரில் வந்த 5.9 பதிப்பில் அது இல்லை. பழைய பதிப்புகளுக்கான திருத்தங்களிலும் நீக்கம் போய்ச் சேர்ந்தது. வரைகலைத் திரையில் சன்னல்களைத் திறந்து வேலை செய்யும் கோடிக்கணக்கானோருக்கு இது தெரிந்தே இருக்காது. கணினி பாதியில் நின்றுபோய், கடைசியாக என்ன பிழைச்செய்தி வந்தது என்று தேடியவர்களுக்குத்தான் உறைத்தது.

அந்த நீக்கம் சரியா தவறா என்று ஒரு வரியில் தீர்ப்புச் சொல்ல முடியாது. மெய்நிகர் கன்சோல் என்னும் அந்தப் பகுதி கெர்னலுக்குள் எப்படி வந்தது, எந்த அளவுகளில் வார்க்கப்பட்டது, யாருடைய கையில் பிழைத்திருக்கிறது என்பதையெல்லாம் சேர்த்துப் பார்த்தால்தான் அந்த முடிவின் எடை புரியும்.

லினக்ஸ் கணினியில் கன்ட்ரோல், ஆல்ட் விசைகளோடு எஃப்3 விசையை அழுத்திப் பாருங்கள். வரைகலைத் திரை மறைந்து, கறுப்புப் பின்னணியில் பயனர்பெயரைக் கேட்கும் ஒரு வரி மட்டும் வரும். எஃப்4 அழுத்தினால் அதே போல் இன்னொன்று. ஒரே விசைப்பலகை, ஒரே திரை. ஆனால் பல முனையங்கள் தனித்தனியாக இருப்பது போன்ற ஏற்பாடு. ஒவ்வொன்றிலும் ஒருவர் உள்நுழைந்து வேலை செய்துகொண்டிருக்கலாம். ஒரு நேரத்தில் ஒன்றுதான் கண்ணுக்குத் தெரியும். மற்றவை நினைவகத்தில் தம் எழுத்துகளோடு காத்திருக்கும். இதுவே மெய்நிகர் கன்சோல். இப்படி 63 வரை வைத்துக்கொள்ளலாம். தொடக்கக் காலத்தில் முனையச் சாதனங்களுக்கு எண் ஒதுக்கியபோது 64-ஆம் எண்ணிலிருந்து தொடர்முகப்புகளுக்கு என்று வரையறுத்துவிட்டதால் வந்த எல்லை அது.

லினக்ஸின் பிறப்பே முனையத்தோடு ஒட்டியது. 1991-இல் டோர்வால்ட்ஸ் முதலில் எழுதியது இயங்குதளமே அல்ல. ஹெல்சிங்கி பல்கலைக்கழகக் கணினியோடு மோடம் வழியே பேசுவதற்கான முனைய நிரல் அது. அதுதான் வளர்ந்து கெர்னல் ஆயிற்று. 1992 ஜனவரியில் வந்த 0.12 பதிப்பில் பீட்டர் மெக்டொனால்ட் எழுதிய மெய்நிகர் கன்சோல், டோர்வால்ட்ஸின் சில மாற்றங்களோடு உள்ளே வந்தது. இதே மெக்டொனால்ட்தான் பின்னர் எஸ்எல்எஸ் என்ற முதல்கட்ட லினக்ஸ் வழங்கலையும் தொகுத்தவர். அன்றைய 386 கணினியில் எக்ஸ் வரைகலையை ஓட்டுவது பலருக்கும் எட்டாத காரியம். ஒரு கன்சோலில் நிரலைத் திருத்தி, இன்னொன்றில் தொகுத்து, மூன்றாவதில் கையேட்டைப் படிப்பது என்பதே அவர்களுக்குப் பெரிய வசதி. கெர்னலுக்குள் இதை வைத்தது சரியா என்று அப்போது யாரும் பெரிதாகக் கவலைப்பட்டிருக்க முடியாது. வேறு எங்கே வைப்பது?

ஆனால் அன்று எடுத்த சில அளவுகள் இன்றும் நிற்கின்றன. விஜிஏ அட்டையின் உரைமுறையில் திரை என்பது 80 நிரல், 25 வரி. ஒவ்வொரு கட்டத்துக்கும் 16 பிட்: எட்டு பிட் எழுத்துக்கு, எட்டு பிட் நிறத்துக்கு. முழுத்திரைக்கும் 4000 பைட்டு போதும். எட்டு பிட்டில் 256 எழுத்துருவங்களைத்தான் சுட்ட முடியும். 512 வேண்டுமென்றால் நிறத்துக்கான பிட்டுகளில் ஒன்றைக் கடன் வாங்க வேண்டும். அப்போது முன்னணி நிறங்கள் 16-இலிருந்து 8 ஆகக் குறையும். இது அட்டை விதித்த கட்டுப்பாடு. பின்னர் வந்த ஃப்ரேம்பஃபர் கன்சோல் எழுத்துகளைப் புள்ளிப் புள்ளியாகத் தானே வரைந்தது. அதற்கு இந்தக் கட்டுப்பாடு தேவையே இல்லை. இருந்தும் மேலடுக்கில் 16 பிட் கட்டம் அப்படியே தொடர்ந்தது. அதை நம்பி எழுதப்பட்ட நிரல்கள் ஏராளம். வன்பொருள் போன பிறகும் அதன் அளவுகோல் நின்றுவிட்டது. எந்த மொழியின் எழுத்து கருந்திரையில் ஏறும், எது ஏறாது என்பதையும் அந்த அளவுகோலே தீர்மானித்தது. அதற்குப் பிறகு வருகிறேன்.

கன்சோலிலிருந்து கன்சோலுக்குத் தாவும் கதை இதைவிடச் சிக்கலானது. எக்ஸ் வழங்கி கெர்னலுக்கு வெளியே ஓடும் சாதாரண நிரல்தான். ஆனாலும் பல ஆண்டுகள் அதுவே காட்சி அட்டையின் பதிவகங்களில் நேரடியாகக் கைவைத்து எழுதியது. அதனால் திரையை மாற்ற கெர்னல் அதனிடம் அனுமதி கேட்க வேண்டியிருந்தது. பயனர் விசையை அழுத்தியதும் கெர்னல் எக்ஸுக்கு ஒரு சமிக்ஞை அனுப்பும். எக்ஸ் அட்டையின் நிலையைச் சேமித்துவிட்டு, "விடுகிறேன்" என்று பதில் சொல்லும். பிறகுதான் கருந்திரை வரும். இந்த நெறிமுறை பிசிக்கான பழைய சிஸ்டம் ஃபைவ் யுனிக்ஸிலிருந்து லினக்ஸுக்கு வந்தது. நன்றாக ஓடும்வரை நேர்த்தியான ஒப்பந்தம். எக்ஸ் உறைந்து நின்றுவிட்டால் பதில் வராது. பதில் வராவிட்டால் திரை மாறாது. எந்த நேரத்தில் கருந்திரை மிகவும் தேவையோ அந்த நேரத்திலேயே அது கிடைக்காமல் போகும்.

2009 மார்ச்சில் வந்த 2.6.29 பதிப்பு இந்த நிலையின் பாதியை மாற்றியது. திரையின் அளவையும் முறையையும் அமைக்கும் வேலையைக் கெர்னலே எடுத்துக்கொண்டது. முதலில் இன்டெல் அட்டைகளுக்கு, பிறகு மற்றவற்றுக்கு. தாவும்போது திரை கண்ணைப் பறிப்பது போல் மின்னி அணைவது நின்றது. அட்டையின் நிலை என்ன என்பது கெர்னலுக்கு எப்போதும் தெரிந்தது. ஆனால் சமிக்ஞை ஒப்பந்தம் போகவில்லை. அதன் மறுமுனையில் இன்று பல கணினிகளில் சிஸ்டம்டி என்ற அமைப்பு மேலாண்மைத் தொகுப்பின் உள்நுழைவு மேலாளர் உட்கார்ந்திருக்கிறது என்பதுதான் வேறுபாடு. வரைகலைத் திரை முன்னே இருக்கும்போது கெர்னல் முற்றாக நிலைகுலைந்தால், அந்தச் செய்தி கண்ணுக்குத் தெரியாமலே போவதும் தொடர்ந்தது. படம் உறைந்து நிற்கும், காரணம் தெரியாது. இதற்குத் தனித் தீர்வு வர 2024 ஆயிற்று. 6.10 பதிப்பில் காட்சி இயக்கிகளே நிலைகுலைவுச் செய்தியை வரையும் ஏற்பாடு வந்தது. 6.12-இல் அதே செய்தியைக் கைபேசியால் படிக்கக்கூடிய க்யூஆர் குறியாகக் காட்டும் வழியும் சேர்ந்தது. அந்தக் குறியை உருவாக்கும் பகுதி ரஸ்ட் மொழியில் எழுதப்பட்டது. இந்த ஏற்பாட்டுக்கு மெய்நிகர் கன்சோல் தேவையே இல்லை என்பது கவனிக்க வேண்டிய செய்தி.

இனி 2020-க்கு வரலாம். கூகுளின் சிஸ்காலர் என்ற கருவி கெர்னலின் ஒவ்வொரு வாயிலிலும் தாறுமாறான கட்டளைகளை ஓயாமல் அனுப்பி, எது உடைகிறது என்று பார்ப்பது. மனிதர் யாரும் செய்து பார்க்காத வரிசைகளில் அது கட்டளைகளைக் கோக்கும். எழுத்துருவை மாற்று, உடனே திரையளவை மாற்று, நடுவில் மேலே உருட்டு என்று கன்சோலைத் தட்டியபோது 1990-களின் நிரல்வரிகள் பொலபொலவென்று உதிர்ந்தன. அந்த ஆண்டில் கன்சோல், விசைப்பலகை, எழுத்துரு மாற்றம், உரைத்தேர்வு ஆகியவற்றில் பாதுகாப்பு ஓட்டைகளாகப் பதிவானவை பல. திரையளவு மாறும்போது, மறைந்த வரிகளைச் சேமித்துவைத்த இடையகத்தின் எல்லை தாண்டி நினைவகத்தில் எழுதிவிடும் பிழை அவற்றுள் ஒன்று. உள்ளூர்ப் பயனர் ஒருவர் கெர்னலைக் கவிழ்க்கவோ, அதற்கு மேலும் போகவோ அது வழி.

சரிசெய்திருக்கலாமே என்பது நியாயமான கேள்வி. சரிசெய்ய ஆள் இல்லை என்பதுதான் விடை. ஃப்ரேம்பஃபர் கன்சோலின் அந்தப் பகுதியைத் தன்னுடையது என்று சொல்லி நிற்க அப்போது ஒருவரும் முன்வரவில்லை. பராமரிப்பாளர் இல்லாத நிரலில் ஓட்டை தெரிந்தால், கெர்னல் போன்ற இடத்தில் அதை வெட்டி எறிவது பொறுப்பான செயலே என்று நான் நினைக்கிறேன். பழைய விஜிஏ உரைமுறையில், அட்டையின் சொந்த நினைவகம் கொள்ளும் அளவுக்கு மட்டும் பின்னோக்கிப் பார்ப்பது மிஞ்சியது. அந்த முறையில் இன்று ஓடும் கணினிகள் சொற்பம்.

இதற்கு நேரெதிரான நிகழ்வு ஒன்று அடுத்த ஆண்டுகளில் நடந்தது. உருட்டலை அட்டையின் வன்பொருளைக் கொண்டு வேகப்படுத்தும் நிரல்வரிகளும் 5.11 பதிப்பில் முடக்கப்பட்டிருந்தன. 2022-இல் ஃப்ரேம்பஃபர் பகுதியின் பராமரிப்பை ஏற்ற ஹெல்கே டெல்லர் அதைத் திரும்பக் கொண்டுவந்தார். பழைய கணினிகளில் கன்சோல் நத்தை வேகத்தில் நகர்கிறது என்பது அவருடைய வாதம். வேண்டியவர்கள் தொகுக்கும்போது தேர்ந்துகொள்ளலாம் என்ற நிபந்தனையோடு அது ஏற்கப்பட்டது. இரண்டும் ஒரே கருந்திரையின் உருட்டல் பற்றியவை. ஒன்றுக்கு ஆள் இருந்தார், மற்றொன்றுக்கு இல்லை.

கன்சோல் கெர்னலுக்குள் இருப்பதன் விலையும் உண்டு. கெர்னல் தன் செய்திகளை அச்சிடும் பாதையும் மெய்நிகர் கன்சோலும் நெடுங்காலமாக ஒரே பூட்டைப் பங்கிட்டுக்கொண்டன. ஒருவர் எழுதும்போது மற்றவர் காத்திருக்க வேண்டும். நொடிக்கு 115200 பிட் அனுப்பும் தொடர்முகப்பில் 80 எழுத்துள்ள ஒரு வரியை அனுப்ப ஏறத்தாழ 7 மில்லிநொடி ஆகும். தொழிற்சாலை எந்திரத்தை மைக்ரோநொடிக் கணக்கில் இயக்கும் கெர்னலுக்கு அது யுகம். நிகழ்நேர லினக்ஸ் முதன்மைக் கெர்னலில் சேர இவ்வளவு காலம் பிடித்ததற்கு இந்த அச்சுப்பாதையும் ஒரு காரணம். கெர்னல் நிரலாளர் ஜான் ஓக்னஸ் அதைப் பல ஆண்டுகள் துண்டு துண்டாகப் பிரித்துக் கட்டினார். 2024 செப்டம்பரில் வியன்னாவில் நடந்த மாநாட்டில் நிகழ்நேர வசதிக்கான வேண்டுகோள் டோர்வால்ட்ஸிடம் காகிதத்தில் அச்சிட்டே கொடுக்கப்பட்டது. நவம்பரில் வந்த 6.12-இல் அது சேர்ந்தது.

இத்தனை சுமைகளையும் பார்த்தவர்கள், கன்சோலைக் கெர்னலைவிட்டே வெளியேற்றலாம் என்று சொன்னதில் வியப்பில்லை. 2012 வாக்கில் டேவிட் ஹெர்மன் எழுதிய கேஎம்எஸ்கான் அப்படிப்பட்டது. கெர்னல் திரையை மட்டும் அமைத்துத் தரும்; எழுத்தை வரைவதும் விசையைப் புரிந்துகொள்வதும் வெளியே ஓடும் சாதாரண நிரலின் வேலை. அதில் ஓட்டை இருந்தாலும் கெர்னல் கவிழாது. கூகுளின் குரோம்ஓஎஸ் இந்த வழியில் போய், கெர்னலின் மெய்நிகர் கன்சோலை அணைத்துவிட்டுத் தனக்கென ஒரு வெளி நிரலை வைத்துக்கொண்டது. யுனிக்ஸ் வழிவந்த இன்னொரு இயங்குதளமான ஃப்ரீபிஎஸ்டி நடுவழியைத் தேர்ந்தது. அதன் பழைய கன்சோல், திரையமைப்பைக் கெர்னலே செய்யும் புதிய இயக்கிகளோடு ஒத்துப்போகவில்லை. வரைகலைக்குப் போனால் கருந்திரைக்குத் திரும்ப முடியாத நிலை. ஒட்டுப்போடுவதை விட்டு, யூனிகோடு அறிந்த புதிய கன்சோலைக் கெர்னலுக்குள்ளேயே முழுதாக எழுதினார்கள். 2016-இல் வந்த 11.0 பதிப்பில் அதுவே இயல்பானதாயிற்று. லினக்ஸில் அப்படி ஒரு முழு மாற்றம் நடக்கவில்லை. பெரும்பாலான பொது வழங்கல்களில் கெர்னல் கன்சோலே தொடர்கிறது.

தொடர்வதற்குச் சோம்பல் மட்டுமே காரணம் என்று நினைப்பது பெரிய தவறு. கருந்திரையை நாள்தோறும் முழுநேரமும் பயன்படுத்துவோரில் முக்கியமான ஒரு பிரிவினர் அதைக் கண்ணால் பார்ப்பதே இல்லை. பார்வையற்ற கணினியாளர்களுக்கு வரைகலைத் திரையைவிட எழுத்துத்திரை எளிதில் கைவசப்படும். கெர்னல் ஒவ்வொரு கன்சோலின் எழுத்துகளையும் ஒரு கோப்புபோல் திறந்து படிக்க விடுகிறது. எத்தனை வரி, எத்தனை நிரல், சுட்டி எங்கே நிற்கிறது என்பதும் அதிலேயே கிடைக்கும். பிஆர்எல்டிடி என்ற நிரல் அதைப் படித்துப் பிரெய்லி பலகையின் ஊசிகளை எழுப்புகிறது. ஸ்பீக்கப் இன்னும் ஒரு படி உள்ளே போய்க் கெர்னலிலேயே இருந்து பேசுகிறது. கணினி தொடங்கி ஒலி இயக்கிகள் எழுவதற்கு முன்பே, தொடர்முகப்பில் மாட்டிய பேச்சுக்கருவி வழியே செய்திகளைச் சொல்லும். முதிராத இயக்கிகளுக்கான கெர்னலின் முன்னறையில் ஏறத்தாழ பத்து ஆண்டுகள் காத்திருந்த ஸ்பீக்கப், முறையான இடத்துக்கு மாற்றப்பட்டதும் 5.9 பதிப்பில்தான். பின்னுருட்டலை நீக்கிய அதே பதிப்பு. கன்சோலை வெளியேற்றும் திட்டங்கள் எல்லாம் இவர்களுக்கு ஈடாக எதைத் தருகின்றன என்ற கேள்விக்கு முதலில் பதில் சொல்ல வேண்டும்.

பிஆர்எல்டிடியை வளர்த்தவர்களுள் ஒருவரான நிக்கோலா பித்ரே கெர்னலிலும் கைதேர்ந்தவர். 2018-இல், 4.19 பதிப்பில், அவர் கொண்டுவந்த மாற்றம் நான் மேலே சொன்ன 16 பிட் கட்டத்தோடு நேரடியாக மோதியது. அதுவரை கட்டத்தில் இருந்தது எழுத்தின் எண் அல்ல, எழுத்துருவில் அந்த உருவத்தின் இடம். எழுத்துருவில் இல்லாத எழுத்து வந்தால் ஒரு கேள்விக்குறிக் கட்டம் வரையப்படும். மூல எழுத்து எது என்பது அங்கேயே தொலைந்துபோகும். கண்ணால் படிப்பவருக்கு எப்படியும் அது தெரியாது. பிரெய்லியில் படிப்பவருக்கோ உருவமே தேவையில்லை, எழுத்து எது என்று தெரிந்தால் போதும். பார்வையுள்ளவருக்கான உருவத்தட்டுப்பாடு பார்வையற்றவரின் படிப்பைத் தடுத்தது. பித்ரே பழைய கட்டங்களைத் தொடாமல், அவற்றுக்கு இணையாக ஒவ்வொரு கட்டத்துக்கும் 32 பிட் யூனிகோடு எண்ணைச் சேமிக்கும் இன்னொரு அடுக்கை வைத்தார். அதை யாராவது கேட்டால்தான் அதற்கு நினைவகம் ஒதுக்கப்படும். கேட்காதவருக்குச் செலவில்லை.

2025 ஜூலையில் வந்த 6.16-இல் அவரே அடுத்த அடியை வைத்தார். சீனம், ஜப்பானியம் போன்றவற்றின் இரட்டை அகல எழுத்துகள் இரண்டு கட்டம் எடுத்துக்கொள்ளும். அகலமே இல்லாத ஒட்டுக்குறிகள் தனிக்கட்டம் பிடித்து வரியைத் தள்ளிவிடாது. அடியெழுத்தும் ஒட்டுக்குறியும் தனித்தனியாக வந்தால், யூனிகோடில் இரண்டுக்கும் சேர்ந்து ஒற்றை எண் இருக்கும் பட்சத்தில் அவை ஒன்றாக்கப்படும். 512 உருவங்களுக்குள் அந்தச் சீன எழுத்து இன்னும் இல்லைதான். ஆனால் வரிசை குலையாது. பிரெய்லிக்குச் சரியான எழுத்து போய்ச் சேரும்.

தமிழுக்கு இதில் என்ன கிடைக்கிறது? ஒற்றை எண் என்ற அந்த நிபந்தனையில்தான் நாம் தடுக்கி நிற்கிறோம். பிரெஞ்சின் கீற்றுவைத்த எழுத்துக்கு யூனிகோடில் தனி எண் உண்டு. 'க்' என்பதற்கு இல்லை. அது ககரமும் புள்ளியுமாக இரண்டு எண். 'மி', 'கு' எல்லாம் அப்படியே. 'கெ' இன்னும் ஒரு படி மேல்: நினைவகத்தில் ககரம் முன்னே, கொம்பு பின்னே, திரையில் கொம்பு முன்னே வர வேண்டும். ஓர் எண்ணுக்கு ஓர் உருவம், வந்த வரிசையில் ஒரு கட்டம் என்ற கன்சோலின் விதியில் இந்த இடமாற்றத்துக்கு வழியே இல்லை. 2007-இல் டெபியன் என்ற லினக்ஸ் வழங்கலின் 4.0 பதிப்பு வரைகலை நிறுவியோடு வந்தபோது, அந்த நிறுவியில் மட்டுமே கிடைத்த மொழிகளின் பட்டியலில் தமிழும் இருந்தது இதனால்தான். எழுத்துத்திரை நிறுவியில் அதைக் காட்ட முடியாது.

இட நெருக்கடி என்று காரணம் சொல்வது பொருந்தாது. 512 இடங்களில் ஆங்கிலத்தையும் வைத்துவிட்டு, தமிழின் 247 எழுத்துகளையும் கிரந்தத்தையும் உட்காரவைக்கலாம். கொம்பு, கால் போன்றவற்றைப் பிரித்து வைத்தால் அதில் பாதிகூடத் தேவைப்படாது. 1990-களின் இறுதியில் உருவான திஸ்கி குறியாக்கம் செய்தது அதுதான். புள்ளிவைத்த மெய், 'கு', 'கூ' போன்றவற்றுக்குத் தனி இடம், கொம்பு கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே முன்னால், எல்லாம் எட்டு பிட்டுக்குள். கெர்னல் கன்சோலின் விதிக்கு அது கச்சிதமாகப் பொருந்தும் அமைப்பு. 8 புள்ளி அகலக் கட்டத்தில் 'ஞ', 'ணூ' எல்லாம் நசுங்கும் என்பதே அப்போதைய உண்மையான தடை. 2019 முதல் கெர்னலிலேயே 16 புள்ளி அகல எழுத்துரு இருக்கிறது. அந்தத் தடையும் பெரும்பாலும் தளர்ந்துவிட்டது. உலகம் யூனிகோடுக்குப் போனது சரியான திசைதான். திஸ்கிக்குத் திரும்பச் சொல்லவில்லை. யூனிகோடு எண்களின் தொடரை வாங்கி, தமிழுக்குரிய உருவங்களாக மாற்றிக் கட்டங்களில் இடும் ஒரு சிறிய இடைநிலை கன்சோலுக்கு இல்லை என்பதே குறை.

அந்த இடைநிலையைக் கெர்னலுக்குள் எழுதினால் ஏற்பார்களா? ஏற்கமாட்டார்கள் என்றே நினைக்கிறேன், ஏற்கவும் கூடாது. இந்திய மொழிகளின் எழுத்திணைப்பு விதிகள் கெர்னலுக்குள் போனால், சிஸ்காலர் தட்டிப்பார்க்க இன்னொரு பெரிய பரப்பு திறக்கும். பத்தாண்டுகள் கழித்து அதைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாமல் இன்னொரு செப்டம்பரில் அது வெட்டப்படும். கேஎம்எஸ்கான் எழுத்தை வரையப் பாங்கோ நூலகத்தைப் பயன்படுத்த முடியும். வரைகலைத் திரையில் தமிழை இணைத்துக் காட்டும் அதே நூலகம். தமிழ் கருந்திரையில் ஏற வேண்டுமானால் வழி அந்தப் பக்கம்தான். அங்கேயும் இரண்டு வேலைகள் மீதமிருக்கின்றன. ஒன்று, கட்டம் கட்டமாக எண்ணும் முனைய நிரல்களும் எழுத்திணைப்பும், 'கௌ' எத்தனை கட்டம் எடுக்கும் என்பதில் ஒத்த கணக்குக்கு வர வேண்டும். மற்றொன்று, பிஆர்எல்டிடி கெர்னலிடம் இப்போது படிப்பதுபோல், வெளியே போன கன்சோலிடமும் ஒவ்வொரு கட்டத்தின் எழுத்தையும் படித்துக்கொள்ள நிலையான ஒரு வாயில் வேண்டும். இரண்டாவதை முதலில் முடிக்க வேண்டும். தமிழ்ப் பிரெய்லியில் படிப்பவருக்கு 'கௌ' எத்தனை கட்டம் என்பது பொருட்டல்ல. பித்ரே வைத்த 32 பிட் அடுக்கில் ககரமும் ஔகாரக் குறியும் சிதையாமல் வந்து சேர்கின்றனவா என்பதே பொருட்டு. அதை 6.16 கெர்னலிலேயே, ஒரு பிரெய்லி பலகையும் தமிழ்க் கோப்பும் கையிலிருந்தால் எழுத்து எழுத்தாகச் சோதித்துப் பார்த்து, விடுபடுவதைப் பிழையறிக்கையாக எழுதலாம்.